இணையக் கடை ஏன் திறக்க மாட்டேங்குது?

(திருப்பூரில் சிறு பின்னலாடைத் தொழில் செய்வோருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களில் பலர் பனியன் கம்பெனி வெச்சிருக்கீங்க, சிலர் காதர்பேட்டையில் கடை வெச்சிருக்கீங்க, மீதிப்பேர் அவங்களுக்குக் கணக்கும் பில்லும் பார்க்கிறவங்க. கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கான பேச்சு இல்லை இது. கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தா போதும். நான் சொல்றதில் பாதியை உட்கார்ந்த இடத்திலேயே சோதிச்சுப் பார்த்துடலாம்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கான கூடுதல் வரியை 50 சதவீதமா உயர்த்தினப்போ நம்ம ஊர் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டு ஆர்டரை மட்டும் நம்பி இருந்தா என்ன ஆகும்னு அப்போ எல்லாருக்கும் தெரிஞ்சுது. உள்நாட்டு வியாபாரம், நேரடி ஆன்லைன் விற்பனைங்கிற பேச்சு சின்ன யூனிட் வரைக்கும் வந்துச்சு. "நமக்குன்னு ஒரு வெப்சைட் போட்டுடலாம்"னு முடிவு பண்ணினவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க. போட்டும் ஆச்சு. இப்போ வர்ற புகார் ஒண்ணே ஒண்ணுதான்: பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது. கோழிக்கோட்டிலிருந்தோ ஹூப்ளியிலிருந்தோ ஒரு கடைக்காரர் போனில் உங்க பக்கத்தைத் தட்டுறார். நாலு நொடி பார்க்கிறார், அஞ்சு நொடி பார்க்கிறார், அப்புறம் பின்னாடி போய் அடுத்த கடையைத் தட்டிடறார். அவர் வந்ததும் உங்களுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. கடை வாசலில் நின்னுட்டுப் போறவரையாவது "வாங்கண்ணா"ன்னு கூப்பிட முடியும்.

சரி, ஏன் இப்படி ஆகுது?

இங்கே நிறைய பேரோட சைட் வேர்ட்பிரஸ்ஸில் செஞ்சது. தப்பில்லை, உலகத்தில் இருக்கிற வெப்சைட்டுகளில் பத்தில் நாலுக்கு மேல அதில்தான் ஓடுது. 2003-ல் வந்த மென்பொருள் அது. 2004-ல் அதில் பிளகின் வசதியைச் சேர்த்தாங்க. பிளகின்னா, சைட்டில் இல்லாத ஒரு வேலையைச் செய்ய வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டுற சின்ன மென்பொருள். பணம் வாங்க ஒண்ணு, படம் மாறி மாறி ஓட ஒண்ணு, வாட்ஸ்அப் பொத்தானுக்கு ஒண்ணு, எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ண ஒண்ணு. வேர்ட்பிரஸ்ஸோட சொந்தக் கிடங்கிலேயே இலவசமா பல்லாயிரம் கிடைக்குது.

இதை நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரிய வைக்கிறது ரொம்பச் சுலபம். பிளகின்னா ஜாப் ஒர்க்குங்க. நூல் வாங்கி நிட்டிங்குக்கு ஒரு இடம், டையிங்குக்கு ஒரு இடம், காம்பேக்டிங்குக்கு ஒரு இடம், பிரிண்டிங், எம்பிராய்டரிக்கு வேற வேற இடம்னு கொடுத்து வாங்கித்தான் ஒரு டி-சர்ட் முடியுது. எல்லாத்தையும் ஒரே கூரைக்குள்ள செய்றவங்க கொஞ்சம் பேர்தான். இந்த முறையால்தான் பத்து மெஷின் வெச்சிருக்கிறவரும் முதலாளி ஆக முடிஞ்சுது. ஆனா ஒரு எம்பிராய்டரி யூனிட் ரெண்டு நாள் இழுத்தா, மத்த அஞ்சு பேரும் நேரத்துக்கு முடிச்சுக் கொடுத்திருந்தும் சரக்கு கிளம்பாது. வெப்சைட்டிலும் அதே கதை. ஒரு வித்தியாசம் என்னன்னா, ஜாப் ஒர்க் கொடுக்கிற யூனிட்டை நீங்க நேர்ல போய்ப் பார்ப்பீங்க, ஆள் யாருன்னு விசாரிப்பீங்க. பிளகினை யாரும் விசாரிக்கிறதில்லை.

இப்போ உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். ஒரு பிளகின் ரெண்டு இடத்தில் நேரம் எடுக்கும். முதலாவது, சர்வரில். வர்றவர் ஒவ்வொருத்தரையும் எண்ணிப் பதிவு பண்ற பிளகின், "இதையும் பாருங்க"ன்னு தொடர்புள்ள சரக்கைத் தேடிக் கொடுக்கிற பிளகின், இதெல்லாம் பக்கம் கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்தைத் தோண்டும். மலிவான ஹோஸ்டிங்கில் அந்தத் தோண்டலே ரெண்டு மூணு நொடி ஆகும். இரண்டாவது, வாடிக்கையாளரோட போனில். பிளகின் தன் பங்குக்கு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை அனுப்பும். "தொடர்புக்கு" பக்கத்தில் மட்டும் தேவைப்படுற படிவப் பிளகின்கூட எல்லாப் பக்கத்திலும் தன் கோப்பை ஏத்திவிடறது சாதாரணம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். 500 கேபி படமும் 500 கேபி ஜாவாஸ்கிரிப்டும் ஒண்ணு இல்லை. படம் வந்ததும் காட்டிட்டா வேலை முடிஞ்சுது. ஜாவாஸ்கிரிப்ட் வந்த பிறகு போன் அதைப் படிச்சு, ஓட்டிப் பார்க்கணும். நாற்பதாயிரம் ரூபாய் போனுக்கு அது கண் சிமிட்டுற நேரம். ஏழாயிரம் ரூபாய் போன் அதில் திணறிப் போகும், தட்டினா அசையாது. சைட் செஞ்சு கொடுத்தவர் நல்ல லேப்டாப்பில், வைஃபையில் காட்டினப்போ வேகமா இருந்துச்சே, இப்போ ஏன் இப்படின்னா காரணம் இதுதான். உங்க சைட்டை அளக்க வேண்டிய கருவி உங்க போன் இல்லைங்க. கடையில் பேக்கிங் பண்ற தம்பியோட போன்.

அளக்கிறதுக்குக் கூகுள் ஒரு இலவசக் கருவி கொடுத்திருக்கு. பேர் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ். அதில் உங்க சைட் முகவரியைப் போட்டு, மொபைல் பக்கத்துக் கணக்கை மட்டும் பாருங்க. மூணு எண் முக்கியம். திரையில் பெரிசா இருக்கிற படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள்ள தெரியணும். தட்டினா 200 மில்லிநொடிக்குள்ள, அதாவது நொடியில் அஞ்சில் ஒரு பங்குக்குள்ள, பக்கம் பதில் சொல்லணும். படிச்சுக்கிட்டிருக்கும்போது எழுத்து குதிச்சு இறங்குற அளவு 0.1-ஐத் தாண்டக் கூடாது. உங்க சைட்டுக்குப் போதுமான ஆட்கள் வந்திருந்தா, குரோம் உலாவியில் வந்த உண்மையான வாடிக்கையாளர்களோட கணக்கையே அது காட்டும். நாலில் மூணு பேருக்காவது அந்த வேகம் கிடைச்சிருந்தாத்தான் பாஸ். புது சைட்டுக்கு அந்தக் கணக்கு வராது. அப்போ ஒரு நடுத்தரப் போன், மெதுவான 4ஜி இருக்கிற மாதிரி பாவிச்சு அதுவே சோதிச்சுச் சொல்லும். மேலே 100-க்கு ஒரு மதிப்பெண் வரும். அதுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. மூணு எண் பச்சையில் இருந்தா 70 மார்க் வாங்கின சைட்டும் நல்லா விற்கும்.

எண் சிவப்பில் இருந்தா எந்தப் பிளகின் குற்றவாளின்னு கண்டுபிடிக்கணும். நிட்டிங் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்லை. துணியில் நெடுக ஒரு கோடு வந்தா, ஏதோ ஒரு ஊசி கெட்டிருக்குன்னு அர்த்தம். அதுக்காக மெஷினையே யாரும் மாத்தறதில்லை. எந்த ஊசின்னு தேடி அதை மட்டும் மாத்தறோம். இங்கேயும் அப்படித்தான்.

முதல் வேலை, முழு சைட்டையும் பேக்கப் எடுக்கிறது. அந்தப் பேக்கப்பை அதே ஹோஸ்டிங்கில் விட்டு வைக்காதீங்க, உங்க கைக்கு இறக்கிக்கோங்க. ரெண்டாவது, முடிஞ்சா சைட்டோட ஒரு நகலில் சோதனை பண்ணுங்க. நிறைய ஹோஸ்டிங் கம்பெனிகள் ஸ்டேஜிங்னு அந்த வசதியைத் தர்றாங்க. அது இல்லைன்னா வேர்ட்பிரஸ் குழுவே வெளியிட்டிருக்கிற ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்னு ஒரு பிளகின் இருக்கு. அதில் சோதனை முறையைப் போட்டா, பிளகின்கள் உங்க கண்ணுக்கு மட்டும் அணைஞ்சிருக்கும். வாடிக்கையாளருக்குக் கடை வழக்கம்போலத் திறந்திருக்கும். ரொம்ப நல்ல வசதி, யாரும் பயன்படுத்தறதில்லை.

பிறகு பாதிப் பாதியா அணைங்க. 24 பிளகின் இருந்தா 12-ஐ அணைச்சுப் பாருங்க. வேகம் வந்துட்டா குற்றவாளி அந்த 12-க்குள்ள, வரலைன்னா மீதியில். அதில் 6, அப்புறம் 3. அஞ்சு தடவையில் பிடிச்சுடலாம், 24 தடவை பார்க்க வேண்டியதில்லை. சில சமயம் ரெண்டு பிளகின் தனித்தனியா நல்லா இருக்கும், சேர்ந்தா மோதும். பாதிப் பாதியா பிரிக்கும்போது கணக்கு குழம்புதுன்னா, எல்லாத்தையும் அணைச்சுட்டு ஒவ்வொண்ணா ஏத்திப் பாருங்க. நேரம் ஆகும், ஆனா தப்பாது. ஒவ்வொரு தடவையும் மறைநிலைத் தாவலில், லாகின் பண்ணாம பாருங்க. லாகின் பண்ணின உங்களுக்குத் தெரியிற பக்கம் வேற, வாடிக்கையாளருக்குப் போற பக்கம் வேற.

சிலருக்குப் பக்கமே வராது, வெறும் வெள்ளைத் திரைதான். பெரும்பாலும் ஹோஸ்டிங் கம்பெனி பிஎச்பி பதிப்பை உயர்த்தியிருப்பாங்க, பழைய பிளகின் அதுக்கு ஒத்துவந்திருக்காது. பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோட நின்னு போச்சு, அதனால் உயர்த்தினது சரிதான். 2019-ல் வந்த வேர்ட்பிரஸ் 5.2-லிருந்து, இப்படி விழுந்தா எந்தப் பிளகினால் விழுந்துச்சுங்கிற விவரமும் உள்ளே நுழைய ஒரு தனி இணைப்பும் சைட் நிர்வாகியோட மின்னஞ்சலுக்கு வந்துடும். அந்த மின்னஞ்சல் யாரோடதுன்னு பாருங்க. முக்கால்வாசி இடத்தில் சைட் செஞ்சவரோடது இருக்கும், அவர் இப்போ பெங்களூரில் இருப்பார். அந்த வழியும் இல்லைன்னா, ஹோஸ்டிங் கணக்கில் கோப்புகள் இருக்கிற இடத்துக்குப் போய், பிளகின்ஸ்னு இருக்கிற ஃபோல்டரோட பேரைத் தற்காலிகமா மாத்துங்க. எல்லாப் பிளகினும் ஒரேயடியா அணைஞ்சு, நிர்வாகப் பக்கம் திறந்துக்கும். அப்புறம் பழைய பேரையே வெச்சுட்டு ஒண்ணொண்ணா ஏத்தலாம்.

இதில் எல்லாரும் செய்ற ஒரு காரியத்தைச் சொல்லணும். சைட் மெதுவா இருக்குன்னா, வேகமாக்கிறதுக்குன்னு இன்னொரு பிளகினை மாட்டறாங்க. கேஷ் பிளகின் ஒண்ணு இருக்கிறது நல்லதுதான். பக்கத்தைத் தயாரா செஞ்சு வெச்சுக் கேட்டதும் கொடுக்கும். ரெண்டு இருந்தா ரெண்டும் சண்டை போடும். கூடை, பணம் கட்டுற பக்கம் ரெண்டையும் கேஷில் சேர்க்கக் கூடாது. சேர்த்தா ஒருத்தர் கூடையில் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியிற விபரீதம்கூட நடக்கும். அதே பிளகினில் ஜாவாஸ்கிரிப்டைத் தள்ளிப் போடு, ஒண்ணாச் சேர்னு நிறைய பொத்தான் இருக்கும். எல்லாத்தையும் அமுக்கினதுக்கு அப்புறம் மெனு திறக்கலைன்னா முதல் சந்தேகம் அங்கேதான். இன்னொண்ணு, லைட்ஸ்பீட் கேஷ்னு 50 லட்சம் சைட்டுகளுக்கு மேல ஓடுற பிளகின். அதில் 2024 ஆகஸ்டில் ஒரு ஓட்டை வெளியே தெரிஞ்சுது. வெளியாள் நிர்வாகியா உள்ளே நுழைஞ்சுடலாம். உடனே திருத்தம் வந்துச்சு. திருத்தத்தை ஏத்தினவங்களுக்குப் பிரச்சனை இல்லை. வேகத்துக்குன்னு மாட்டினதுக்கும் வாரம் ஒரு தடவை அப்டேட் பார்க்கணும்னு இதிலிருந்து தெரிஞ்சுக்கலாம்.

மெதுவா இருக்கிறது வெறும் மெதுவா மட்டும் இல்லாமலும் இருக்கலாம். 2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் அரசுத் தளங்கள் உட்பட 4,000-க்கு மேற்பட்ட தளங்களுக்குப் போனவங்களோட கம்ப்யூட்டரும் போனும் திடீர்னு சூடாகி மெதுவாச்சு. காரணம், பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்குப் பக்கத்தை வாசிச்சுக் காட்டுற பிரௌஸ்அலவுடுங்கிற பிளகின். அந்த ஒரே கோப்பில் யாரோ கை வெச்சு, வர்றவங்களோட கருவியைக் கொண்டே மொனேரோங்கிற கிரிப்டோ நாணயம் எடுக்க வெச்சிருந்தாங்க. எந்தத் தளத்தையும் தனியா உடைக்கலை. ஜாப் ஒர்க் யூனிட்டில் நடந்த தப்பு, 4,000 பேரோட சரக்கில் வந்து சேர்ந்துச்சு.

அதைவிட நமக்கு நெருக்கமானது 2024 ஜூனில் நடந்தது. பாலிஃபில் டாட் ஐஓங்கிற முகவரியிலிருந்து ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் எடுத்துப் பயன்படுத்திக்கிட்டிருந்துச்சு. பழைய உலாவிகளுக்கு உதவுற நல்ல கோப்புதான். அந்த வருஷம் பிப்ரவரியில் முகவரி கை மாறினது. புதுசா வாங்கினவங்க கைக்குப் போன பிறகு, அந்தக் கோப்பு குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட மொபைல் போன்களில் வர்றவங்களை மட்டும் பந்தயச் சூதாட்டப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டுச்சு. பார்க்கிறவர் சைட் நிர்வாகின்னு தெரிஞ்சா சும்மா இருந்துடும். அதனால், "உங்க சைட்டைத் தட்டினா ஏதோ சூதாட்டப் பக்கம் வருதுங்க"ன்னு ஒரு வாடிக்கையாளர் சொன்னா, "எனக்கு நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிடாதீங்க. அவர்கிட்டே திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. என்ன போன், எத்தனை மணின்னு கேட்டுக் குறிச்சு வைங்க. அப்படிப் போன பக்கத்தில் யாராவது பணத்தை இழந்துட்டா உடனே 1930-க்குக் கூப்பிடணும். தாமதம் ஆக ஆக பணம் திரும்புற வாய்ப்பு குறையும்.

டெலிகிராமில் "காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகின் இலவசம்"னு வர்றதை மாட்டியிருந்தா, இன்னைக்கு ராத்திரியே எடுத்துடுங்க. அதுக்கு விளக்கமே வேண்டாம். பயன்படுத்தாத பிளகினை அணைச்சு மட்டும் வைக்காம அழிச்சும் விடுங்க. அணைச்சு வெச்சாலும் ஓட்டை உள்ள கோப்பு சர்வரில் அப்படியேதான் இருக்கும்.

பிளகின் எல்லாம் சரியாக்கினாலும் மீதி இருக்கிறது படம். நம்ம தொழிலில் இதுதான் பெரிய சுமை. போன் கேமராவில் எடுத்த படம் ஒண்ணு 4 எம்பி இருக்கும். கேட்டலாக் பக்கத்தில் 24 டிசைன் போட்டா 96 எம்பி. நொடிக்கு 10 மெகாபிட் வர்ற நெட்டில் அது இறங்க ஒண்ணேகால் நிமிஷத்துக்கு மேல ஆகும். அதே படத்தை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி வடிவில் மாத்தினா ஒவ்வொண்ணும் 100 கேபி அளவில் நிக்கும், மொத்தம் 2.4 எம்பி, ரெண்டு நொடி. வேர்ட்பிரஸ் 2021-லிருந்து வெப்பியை ஏத்துக்குது. கீழே இருக்கிற படத்தை ஆள் அங்கே வரும்போது மட்டும் இறக்குற வசதி 2020-லிருந்து அதிலேயே இருக்கு. அதுக்கும் தனிப் பிளகின் வேண்டாம்.

ஆனா படத்தைச் சுருக்கறவர் துணி தெரியாதவரா இருந்தா ஆபத்துங்க. ஒரேயடியா அமுக்கினா இன்டர்லாக்குக்கும் சிங்கிள் ஜெர்சிக்கும் வித்தியாசம் தெரியாது, ரிப் கோடு எல்லாம் மங்கிப் போகும். மொத்த வியாபாரி அதைப் பார்த்துத்தான் முடிவு பண்றார். அதனால் பட்டியலில் சின்னப் படம். தட்டினா மட்டும் துணியோட நெருக்கப் படம் ஒண்ணு பெரிசா வரட்டும். முதல் திரையில் ஓடுற நாலு ஸ்லைடு பேனரை எடுத்துடுங்க. கோபப்படாதீங்க, முதல் ஸ்லைடைத் தாண்டி எத்தனை பேர் பார்க்கிறாங்க? ஒரு நல்ல படம் போதும்.

தமிழ் எழுத்துருவும் ஒண்ணு இருக்கு. ஒரு காலத்தில் தமிழ்த் தளம் படிக்கணும்னா முதல்ல ஃபாண்ட் இறக்கணும். இல்லைன்னா கட்டம் கட்டமாத் தெரியும். இப்போ ஒவ்வொரு போனிலும் யூனிகோடு தமிழ் எழுத்துரு இருக்கு. அப்படியும் அழகுக்காக மூணு எழுத்துரு, ஒவ்வொண்ணிலும் நாலு தடிமன்னு ஏத்திடறாங்க. தலைப்புக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க. மத்ததைப் போனோட எழுத்துக்கே விட்டுடுங்க.

"இத்தனை சின்னச் சின்னதா குறைச்சு என்ன ஆகப் போகுது?"ன்னு தோணும். பிரிட்டன் அரசோட சேவைத் தளமான கவ் டாட் யூகேயில் 2022-ல் ஜேகுவெரிங்கிற ஒரு பொதுவான ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை எடுத்துட்டாங்க. எடுத்தது வெறும் 32 கேபி. அளந்து பார்த்தப்போ, நல்ல நெட், நல்ல போன் வெச்சிருந்தவங்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மெதுவான நெட், பழைய போன் இருந்தவங்களுக்குத்தான் பலன் கூடுதலா கிடைச்சுது. அரசுச் சேவை யாருக்கு முதல்ல போய்ச் சேரணுமோ, அவங்க கையில்தான் அந்தப் போன் இருக்கும்.

அரசுச் சேவைன்னதும் ஒரு வார்த்தை. நீங்க சைட் வெச்சிருக்கலைன்னாலும் படிவம் நிரப்புறவர்தான். சான்றிதழுக்கோ வரிக்கோ பக்கம் திறக்கலைன்னா, முதல்ல மறைநிலைத் தாவலில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்க. அங்கே திறந்தா உங்க உலாவியில் சேர்ந்திருக்கிற பழைய கேஷோ, விளம்பரத் தடுப்பானோதான் காரணம். உலாவியை அப்டேட் பண்ணுங்க, டேட்டா சேவர் இருந்தா அணைங்க. பணம் கட்டும்போது நடுவில் நின்னா உடனே ரெண்டாவது தடவை கட்டாதீங்க. வங்கிச் செய்தி வந்திருக்கான்னு பார்த்து, தளத்தில் பரிவர்த்தனை நிலையைச் சரிபார்த்த பிறகு செய்யுங்க.

முன்னாடியே சீட்டில் ஒரு கேள்வி வந்திருக்கு: "சைட் செஞ்சு கொடுத்த பையன் போன் எடுக்கறதில்லை, பாஸ்வேர்டு எதுவும் என்கிட்டே இல்லை, என்ன செய்றது?" இங்கே தலையாட்டுறதைப் பார்த்தா இது ஒருத்தரோட கேள்வி இல்லைன்னு தெரியுது.

முதல்ல டொமைன் யார் பேரில் இருக்குன்னு பாருங்க. காசு நீங்க கொடுத்திருந்தா பில்லோ, வங்கிக் கணக்குப் பதிவோ இருக்கும். அதையும் அடையாளச் சான்றையும் வெச்சு டொமைன் விற்ற கம்பெனிக்கு எழுதுங்க. உங்க பேரில் இருந்தா மின்னஞ்சலை மாத்தித் தருவாங்க. ஹோஸ்டிங்குக்கும் அதே வழிதான். ஹோஸ்டிங் கணக்கு கைக்கு வந்துட்டா, தரவுத்தளம் வழியா வேர்ட்பிரஸ் பாஸ்வேர்டை மாத்த முடியும். தெரிஞ்சவருக்கு அது பத்து நிமிஷ வேலை. வந்ததும் நிர்வாகி மின்னஞ்சலை உங்களோடதா மாத்துங்க, பழைய நிர்வாகிக் கணக்கை நீக்குங்க. டொமைன் அந்தப் பையன் பேரிலேயே இருந்தா சண்டைக்குப் போகாதீங்க. நல்லபடியா பேசி எழுதி வாங்கி, உங்க பேருக்கு மாத்திக்கோங்க. அந்த டொமைன் புதுப்பிக்கிற தேதி என்னைக்குன்னு பார்த்து, ஆர்டர் தேதி எழுதுற அதே நாட்காட்டியில் குறிச்சு வைங்க. அது தவறிட்டா, பக்கம் மெதுவா திறக்குறதைப் பத்திக் கவலைப்பட எதுவும் மிச்சம் இருக்காது.

பின்னாடி ஒரு அம்மா ரொம்ப நேரமா கை தூக்கிட்டு இருக்காங்க. சொல்லுங்கம்மா.